நாய் எலி கேக் தின்றுவிட்டது, ஆனால் நன்றாக விளையாடுகிறது: காலை வரை காத்திருக்கலாமா?

ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மதியம் அவர்கள் வீட்டு நாய் ஸ்டோர் ரூமில் வைத்திருந்த எலி கேக்கைக் கடித்துத் தின்றிருக்கிறது. வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது. "நல்லாத்தானே இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா காலையில சேலம் கொண்டு போகலாம்" என்கிறார்கள் வீட்டில். அதுவரை கைவைத்தியமாக என்ன கொடுக்கலாம் என்பது கேள்வி.

ஒன்றும் கொடுக்காதீர்கள். இப்போதே ஒரு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், கேக்கின் கவரைக் கையில் வைத்துக்கொண்டு. காலை வரை பொறுக்கலாமா கூடாதா என்பதை அவர் சொல்லட்டும். நாயின் முகத்தைப் பார்த்து நாம் முடிவு செய்யக் கூடாது. நான் அப்படி முடிவு செய்து ஒரு நாயைப் பறிகொடுத்தவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் நாகலூர் பக்கம். கொஞ்சம் காப்பி, ஊடே மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக். செவலை என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. ஒரு தை மாதம், பழம் பறிப்பு முடிகிற நேரம். களத்தில் காய்ந்த கொட்டையை மூட்டை கட்டிக் குடோனில் அடுக்கியிருந்தோம். எலித் தொல்லை தாங்காமல் பச்சை நிற கேக்கை மூலைக்கு மூலை வைத்தோம். மறுநாள் காலையில் இரண்டு மூலையில் கேக் இல்லை, பிளாஸ்டிக் உறை மட்டும் கடிபட்டுக் கிடந்தது. செவலையின் வாயோரம் பச்சையாக இருந்தது. எல்லோரும் பதறினோம். ஆனால் அது குரங்கைத் துரத்திக்கொண்டு ஓடியது, வைத்த சோற்றை மிச்சமில்லாமல் தின்றது. அம்மாயி, "நாட்டு நாய்க்கு ஒண்ணும் ஆகாது சாமி" என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மாலை திண்ணையிலேயே படுத்துக்கொண்டது. நான்காம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. மலம் தார் போல் கறுப்பு. மூச்சு வாங்கியது. ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். அடிவாரம் தாண்டும்போது உயிர் இருந்தது. அஸ்தம்பட்டி வரும்போது இல்லை.

பிறகுதான் கவரை எடுத்துப் படித்தேன். ப்ரோமடியோலோன், 0.005 சதவீதம். கடைகளில் கிடைக்கும் கேக்குகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இது நாயை உடனே எதுவும் செய்யாது. ரத்தம் உறைவதற்கு உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடம்பு திரும்பவும் புதுப்பித்து எடுத்துக்கொள்ளும். இந்த மருந்து அந்தப் புதுப்பிக்கிற வேலையைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைபொருள்கள் தீரும்வரை நாய் சாதாரணமாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் அவை தீர்ந்ததும் உள்ளுக்குள் கசிய ஆரம்பிக்கும், நெஞ்சிலோ வயிற்றிலோ. வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாமல் போகலாம். அந்த மூன்று நாளும் செவலை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த மூன்று நாள்தான் அதைக் காப்பாற்றக் கிடைத்த நாட்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, இப்போது இருக்கும் மணி அதே வகை கேக்கைப் பக்கத்துத் தோட்டத்தில் தின்றுவிட்டு வந்தது. அந்தத் தோட்டத்து மேஸ்திரி அண்ணன் ஓடிவந்து சொன்னதால் அரை மணி நேரத்துக்குள் தெரிந்தது. பழம் நிறுக்கும் தராசில் மணியை நிறுத்தோம், பதினேழரைக் கிலோ. கவரைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டு வண்டி எடுத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் சேலத்தில் மேசை மேல் இருந்தது. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், பச்சைத் துண்டுகள் அப்படியே வந்து விழுந்தன. பிறகு வைட்டமின் கே1 மாத்திரை நான்கு வாரம், சாப்பாட்டோடு. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாடாக இருந்தால் அது நன்றாக உடம்பில் சேரும், அதனால் சோற்றில் கொஞ்சம் நெய் விட்டுக் கொடுத்தோம். மாத்திரை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்தோம். சரியாக இருந்தது. இதில் ஒன்று முக்கியம்: கே1-தான் வேலை செய்யும், கே3 இதற்கு உதவாது. சீட்டில் இருப்பதைக் கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்புறம், நாய் தேறிவிட்டது என்று இரண்டு வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். தின்ற எலி மருந்து ஈரலில் வாரக்கணக்கில் தங்கும்.

உங்கள் நாய் தின்றது மதியம். வாந்தி எடுக்க வைப்பதற்குப் பொதுவாக இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். அது உங்களுக்குத் தாண்டியிருக்கலாம். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று இல்லை. ப்ரோமடியோலோன் என்று கவரில் உறுதியாக இருந்தால் கே1 ஆரம்பித்துவிடலாம், அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து முடிவெடுக்கலாம். அந்த வகைக்கு மட்டும், மருத்துவர் சரி என்றால், காலையில் இறங்குவதில் தவறில்லை.

ஆனால் எலி மருந்து என்றால் எல்லாம் ஒன்று கிடையாது. கவர் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கருஞ்சாம்பல் நிறப் பொடி, பொரியிலோ கருவாட்டிலோ கலந்து வைப்பார்களே, அது துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும். பதினைந்து நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். இதைத் தின்ற நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது, சோறு போனால் அமிலம் இன்னும் சுரக்கும். இன்னொன்று, அது வண்டியில் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் விஷம். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரும். இருபது கொண்டை ஊசி வளைவும் எவ்வளவு குளிராக இருந்தாலும் கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டுங்கள், குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, டியூபில் வரும் பேஸ்ட். அதில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு ஓரிரு நாள் தேறியதுபோல் காட்டும். அதன் பிறகுதான் ஈரல் கெடும். தேறிவிட்டது என்று சிகிச்சையை விட்டுவிடுகிற ஆபத்து இதில்தான் அதிகம். இதற்குப் பாலோ எண்ணெயோ முட்டையோ கொடுத்தால் கொழுப்பில் கரைந்து விஷம் வேகமாக உள்ளே போகும்.

விஷம் என்றாலே பாலை ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அன்பில் செய்கிறார்கள், யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பால் எந்த விஷத்தையும் முறிக்காது. உப்புத் தண்ணீர் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு ஏறி, அதுவே மூளையைப் பாதித்து நாயைக் கொல்லலாம். சாணியைக் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். புளிக்கரைசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் விலங்கு நச்சு மையத்தில் வேலை செய்யும் மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அந்த அமிலம் நம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்திருக்கிறது. விஷ முறிவு என்று நாம் கரைத்து ஊற்றுவது இன்னொரு விஷம்.

இணையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசல். நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், அது தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கும். மருத்துவர் போனில் அளவு சொல்லாமல் தொடாதீர்கள். கழிப்பறை கழுவும் அமிலம், பினாயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் போனால் வாந்தி எடுக்கவே வைக்கக் கூடாது. சோர்ந்து கிடக்கும் நாய்க்கும், வலிப்பு வந்த நாய்க்கும் அப்படியே. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வாந்தி புரை ஏறும் ஆபத்து அதிகம், அதையும் மருத்துவர் கையில் விடுங்கள்.

தோட்டக்காரர்களுக்கு இன்னொன்று. காப்பியில் தண்டு துளைப்பானுக்குக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்தை அடிக்கிறோம். கலக்கிய வாளியையும் காலி டப்பாவையும் அங்கேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம். அதை நக்கிய நாய்க்கு எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கண்மணி ஊசி முனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், நிற்க முடியாது. இதற்கு முறிமருந்து உண்டு, அட்ரோபின். நேரத்துக்குப் போட்டால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். பூச்சி மருந்து நாயின் மேலே பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கின் வாடை நாய்க்கு ரொம்பப் பிடிக்கும், அதில் ரிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. மண்ணோடு கலந்தாலும் தோண்டித் தின்னும். ரோஜாச் செடிக்கு நான் இப்போது வேப்பம் புண்ணாக்குதான் போடுகிறேன்.

கீழே சேலத்துப் பக்கம் இருப்பவர்கள் அரளியைக் கவனியுங்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் காடு காடாக அரளி போடுகிறார்கள். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும். மற்றபடி வெங்காயம், சாக்லேட், காப்பித் தூள், சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் வரும் சைலிட்டால், நாம் போடும் வலி மாத்திரைகள். இவை எல்லாமே சிறிய நாய்க்குச் சிறிய அளவிலேயே ஆபத்து.

போன் செய்யும்போது மருத்துவர் கேட்பது நான்கு விஷயம்தான்: என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன. தராசு இல்லையென்றால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், கழித்துக்கொள்ளலாம். வாந்தி எடுத்திருந்தால் கையுறை போட்டு ஒரு கவரில் எடுத்துக்கொள்ளுங்கள், கையால் தொடாமல். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதையும் கூட்டிப்போங்கள், எது தின்றது என்று நாம் பார்க்கவில்லை அல்லவா?

இரவில் யார் போன் எடுப்பார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது மலையில் இருக்கும் நமக்கு அவசியம். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் இருக்கிறது, ஆனால் ராத்திரியில் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடுமையான நிலைக்கு அங்கே அனுப்புவார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டபோது நான் முதலில் நினைத்தது மணியைத்தான். அதற்குப் பிறகு எங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுதித் தந்த, விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரிப்பொடியும் (ஆக்டிவேட்டட் சார்கோல்) கே1 மாத்திரையும் வீட்டில் வைத்திருக்கிறேன். அவர் போனில் சொல்லாமல் பிரிக்க மாட்டேன்.

உங்கள் கேள்வியில் கேக்கின் பெயரும் இல்லை, நாயின் எடையும் இல்லை. கவர் கிடைக்கவில்லையென்றால் குப்பையில் தேடுங்கள், அங்கேயும் இல்லையென்றால் வாங்கிய கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதே சரக்கின் இன்னொரு கவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறம் மட்டும் போதாது, பச்சை நிறத்தில் வேறு மருந்துகளும் வருகின்றன.