மனம் வறண்டிருக்கும்போது முடிவை மாற்றாதே: இஞ்ஞாசியாரிடம் நான் கற்றது

கேள்வி: இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கையும் போதனையும் குடும்பம், வேலை என்று இருக்கும் ஒருவருக்கு எந்த வகையில் பயன்படும்?

எனக்குப் பயன்பட்டது ஒரே ஒரு விதி. மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. அவர் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற கையேட்டில், மனத்துக்குள் எழும் தூண்டுதல்களை அடையாளம் காணத் தரும் விதிகளில் ஐந்தாவது இது.

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விடலாம் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். அந்த வாரக் கடைசியில் செபத்துக்கென்று ஒதுங்கியிருக்கும் மூன்று நாள் தியானத்துக்குப் போனபோது, தியானம் கொடுத்த ஃபாதரிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “வேலையில சேர்ந்தப்ப மனசு எப்படி இருந்துச்சு? கடிதம் எழுதின அன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால், இரண்டு பக்கத்தில் வேலையைப் பற்றி உருப்படியான காரணம் ஒன்றுகூட இல்லை. அப்பா இல்லாத வீட்டை நினைத்து அழுதிருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த விதி இஞ்ஞாசியாருக்கு எப்படிக் கிடைத்தது என்பது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

1491இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், லொயோலா கோட்டை வீட்டில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் இனிகோ. ஆயுதப் பயிற்சி, அரண்மனைப் பழக்கம், பேர் வாங்க வேண்டும் என்ற வெறி, இவைதான் இளமை. 1521 மே 20 அன்று பம்ப்லோனா கோட்டையை பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டு வலது காலை நொறுக்கியது. எதிரிகளே மரியாதையாகத் தூக்கு கட்டிலில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். எலும்பு சரியாகச் சேரவில்லை என்று மறுபடி உடைத்து வைத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். கை முட்டியை இறுக்கிக்கொண்டதைத் தவிர அவர் சத்தமே போடவில்லையாம். அப்புறம் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கால் பிடித்தாற்போல் இருக்கும் அழகான பூட்ஸ் போட முடியாதே என்பதற்காக, அந்த எலும்பை அறுக்கச் சொன்னார். இதுவரை பட்டதைவிட அதிகம் வலிக்கும் என்று மருத்துவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. குட்டையாகிப்போன காலை இழுத்து நீட்டப் பல நாள் சித்திரவதை. அப்படியும் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

புனிதர் வரலாறுகளில் இந்த பூட்ஸ் விஷயத்தை மறைத்திருப்பார்கள் என்று நினைத்தால், இதைச் சொன்னவர் அவரேதான். வயதான காலத்தில் சபைத் தோழர் ஒருவரிடம் தன் கதையைச் சொல்லி எழுத வைத்தபோது, தன் வீண் பெருமையையும் விடாமல் சேர்த்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தது இயேசுவின் வாழ்க்கை வரலாறு ஒன்றும் புனிதர்கள் வரலாறு ஒன்றும்தான். வேறு வழியில்லாமல் படித்தார். நடு நடுவே கனவு. ஒரு பெருங்குலத்துப் பெண்ணிடம் போய் என்ன பேசுவது, எந்த வீரச்செயலைக் காட்டி அவள் மனத்தை வெல்வது என்று மூன்று நான்கு மணி நேரம் அதிலேயே ஊறிக் கிடப்பார். இன்னொரு வேளை, பிரான்சிஸ் அசிசியார் செய்ததை நானும் செய்தால் என்ன, வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்தால் என்ன என்று கனவு ஓடும். இரண்டுமே ஓடும்போது இனிக்கின்றன. முதல் கனவு கலைந்தால் உள்ளே வறட்சி, ஒரு சலிப்பு. இரண்டாவது கலைந்த பிறகும் நிறைவு தங்குகிறது. இதைப் பல நாள் கவனிக்காமலே இருந்தார். ஒரு நாள் கவனித்தார்.

அவருடைய ஆன்மிகம் முழுவதும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து முளைத்தது. ஓர் எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்று நாம் எல்லாரும் பார்க்கிறோம். அது போன பிறகு மனத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவர் அவர். ‘தெளிந்து தேர்தல்’ என்று தியானங்களில் சொல்வது இதைத்தான்.

1522 மார்ச்சில் மொன்செராட் மாதா கோவிலில் வாளைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் இரவு முழுக்க விழித்திருந்தார். தன் நல்ல உடைகளை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு சாக்குத் துணியை உடுத்திக்கொண்டார். அந்த ஏழையைத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அழுதார். அடுத்து மன்ரேசாவில் ஏறக்குறைய பதினோரு மாதம். அங்கேதான் நரகம். பழைய பாவங்களை குருவிடம் எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்து அறிக்கையிட்டாலும் ஏதோ விட்டுப்போனதாக ஒரே அரிப்பு. குதித்துச் செத்துவிடலாம் என்ற எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தார். கடைசியில், இந்த எண்ணங்கள் எந்த வழியாக வருகின்றன, எங்கே கொண்டு விடுகின்றன என்று பார்த்து, இனிப் பழைய பாவங்களைத் திரும்பச் சொல்வதில்லை என்று நிறுத்தினார். பக்தியின் வேஷத்திலும் கெடுதல் வரும் என்பதை அவர் அங்கே பட்டுத் தெரிந்துகொண்டார். ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ கையேட்டின் ஆரம்பக் குறிப்புகள் அந்த ஊரில் எழுதியவை.

பிறகு எருசலேம் பயணம், முப்பத்து மூன்று வயதில் பார்சிலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் பாடம், அல்கலாவிலும் சலமான்காவிலும் விசாரணை, சிறை. படிக்காதவன் ஆன்மிகம் பேசுவதா என்பதுதான் குற்றச்சாட்டு. பாரிசில் ஒரே அறையில் தங்கிய இருவரில் ஒருவர் நம் பிரான்சிஸ் சவேரியார். 1534 ஆகஸ்ட் 15 அன்று மொன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வாக்குறுதி எடுத்தார்கள். 1540 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுல் சபைக்கு ஒப்புதல் தந்தார்.

எங்கள் கடற்கரை ஊர்களில் சவேரியாரைக் கும்பிடாத வீடு இல்லை. அவர் மனத்தைத் திருப்பிய இஞ்ஞாசியாரைத் தெரிந்தவர்கள் குறைவு. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, சவேரியார் தன்னோடு சுமந்து திரிந்தார். 1553 ஜூனில் இஞ்ஞாசியார் அவரைத் திரும்பி வரச்சொல்லிக் கடிதம் போட்டபோது, சவேரியார் சீனக் கரையோரம் இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

சரி, தினசரி வாழ்க்கைக்கு என்ன என்றால், ஆன்ம ஆய்வு. படுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முதலில் நன்றி, பிறகு தெளிவு கேட்டு ஒரு மன்றாட்டு, காலையிலிருந்து மணிக்கு மணி நடந்ததை ஓட்டிப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். நான் பஸ்ஸில் வீடு திரும்பும்போது செய்கிறேன். யாரிடம் பேசிய பிறகு மனம் சுருங்கியது, எங்கே விரிந்தது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

படைவீரராக இருந்தவர் என்பதால் எல்லாவற்றையும் கட்டளையாகவே சொல்லியிருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். கீழ்ப்படிகிறவர் ஒரு பிணத்தைப் போல இருக்க வேண்டும் என்று சபையின் அமைப்பு விதிகளில் எழுதியிருப்பது எனக்கும் இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் அதே விதிகள், செபித்த பிறகும் ஒரு தடை தோன்றினால் தலைவரிடம் போய்ச் சொல்லலாம் என்கின்றன. தியானம் கொடுப்பவரோ தராசு முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும், படைத்தவரும் படைப்பும் நேராகப் பேசிக்கொள்ள விட்டுவிட வேண்டும் என்கிறார் இஞ்ஞாசியார். என்னிடம் இரண்டே கேள்வி கேட்ட ஃபாதர் அதைத்தான் செய்தார்.

பற்று விடுவது பற்றியும் அவர் நிறையச் சொல்கிறார். நோயைவிட உடல்நலம், வறுமையைவிடச் செல்வம், குறைந்த ஆயுளைவிட நீண்ட ஆயுள் என்று நாமாக ஆசைப்படாமல், எது கடவுளிடம் கொண்டுபோகிறதோ அதை ஏற்கும் நிலை. இந்தச் சபை உப்பு தண்ணீரில் கரைவதுபோல் கரைந்துபோனாலும், கால் மணி நேரம் செபித்தால் அமைதியாகிவிடுவேன் என்று சொன்னவர். 1555இல் அவருக்கு இணக்கமில்லாத கர்தினால் கராஃபா திருத்தந்தையாகிவிட்ட செய்தி வந்தபோது, உடம்பில் எலும்பெல்லாம் நடுங்கியதாம். பேசாமல் சிற்றாலயத்துக்குள் போனார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 30 பிற்பகல். சபையில் அப்போது ஏறக்குறைய ஆயிரம் பேர். உடல் தளர்ந்து படுத்திருந்தவர், செயலாளர் போலாங்கோவைக் கூப்பிட்டு, என் முடிவு நெருங்கிவிட்டது, திருத்தந்தையிடம் போய் ஆசீர் வாங்கி வா என்றார். மருத்துவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். ஸ்பெயினுக்குப் போக வேண்டிய கடிதங்கள் அன்று தபாலில் சேர வேண்டும், நாளைக்குப் போகலாமா என்று போலாங்கோ கேட்டார். இன்றைக்கே போனால் நல்லது, ஆனாலும் உன் விருப்பப்படி செய், என்னை உன் கையில் விட்டுவிட்டேன் என்றார் இஞ்ஞாசியார். போலாங்கோ கடிதங்களை எழுதி முடித்தார். மறுநாள் விடியற்காலையில் வத்திக்கானுக்கு ஓடிப்போய் ஆசீரோடு திரும்பியபோது, உயிர் பிரிந்திருந்தது.