குழுவில் வரும் எரிச்சலும் தூக்கமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: குடிமீட்பு மையத்தில் எட்டுப் பேருக்கு வாரம் ஒருமுறை குழு சிகிச்சை நடத்துகிறேன். ஒருவர் விடாமல் பேசுகிறார். அவர் வாயைத் திறந்தாலே எரிச்சல். அவர் வராத வாரம் நிம்மதி. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

எரிச்சல் வருவதால் லாயக்கு போய்விடாது. அதை மறைக்க அவரிடம் கூடுதலாகக் குழைந்தால்தான் வம்பு: அவர் இன்னும் பத்து நிமிடம் பேசுவார், மற்ற ஏழு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

நோயாளியிடம் சிகிச்சையாளருக்கு எழும் இப்படிப்பட்ட உணர்ச்சியைத்தான் கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறோம். சிகிச்சையாளர் தன்னிடம் கண்டுபிடித்துக் கடக்கவேண்டிய இடைஞ்சல் என்றார் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட், 1910இல். நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும் கருவி என்றார் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமான், 1950இல். உங்களுடையது எது?

குழு முடிந்ததும், கேஸ் ஷீட்டைத் தொடும் முன் நாலு வரி எழுதுங்கள்: எரிச்சல் எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார், உடம்பில் எங்கே தெரிந்தது, என்ன செய்யத் தோன்றியது. நாலைந்து வாரக் குறிப்பைச் சேர்த்துப் படியுங்கள். அவர் பேசுகையில் மற்றவர்களும் கடிகாரத்தைப் பார்த்துக் காலாட்டுகிறார்கள் என்றால், அவர்கள் வெளியே விடாத கோபத்தையும் நீங்களே சுமக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் கொதிக்கிறதா? அவருடைய சாக்குப்போக்கு உங்கள் வீட்டில் குடித்த யாரையாவது நினைவூட்டுகிறதா? அதை உங்கள் சிகிச்சை வேலையை வழிநடத்தும் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள், குழுவில் வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

குழுவில் கேட்கவேண்டியது மற்றவர்களை: "பத்து நிமிஷமா அண்ணன் ஒருத்தரே பேசுறாரு. நீங்க எல்லாரும் விட்டுட்டு உக்காந்திருக்கீங்களே, ஏன்?" அவர் பேசிக்கொண்டிருக்கும்வரை தங்கள் கதையைத் திறக்கத் தேவையில்லை, அவர்களுக்கு அது வசதி.

கேட்டதும் நாலு பேர் அவர்மேல் பாய்ந்தால் உடனே தடுங்கள். உங்கள் எரிச்சலைக் குழு எப்போதோ மோப்பம் பிடித்திருக்கும். நீங்கள் சும்மா இருந்தால், விழும் அடியில் உங்கள் பங்கும் உண்டு. பிறகு அவரிடம்: "அண்ணே, முதலாளி, சம்பளம்னு நிறையச் சொன்னீங்க. நடுவுல, முந்தாநாள் குடிக்கத் தோணுச்சுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்குக் கோபம் வருது" என்று நேரே சொல்லவேண்டாம். குடியை விட்டுச் சில வாரமே ஆனவர் காதில் அது 'வெளியே போ' என்றுதான் விழும்.

கேள்வி: குழு நடக்கும்போது எனக்குக் கண்ணைச் சொக்குகிறது. ஏன்?
– வாசகர், கோவை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்துகிறீர்களா? காலைக்கு மாற்றுங்கள். காலையிலும் சொக்கினால், அந்த நேரத்தில் பேச்சு எதிலிருந்து விலகியது என்று பாருங்கள். கிரிக்கெட், ஊர்வம்பு என்று சப்பென்று ஓடும் பேச்சுக்கு அடியில், யாரும் தொடாத ஒன்று கிடக்கும்: ஒருவர் மறுபடி குடித்தது, இன்னொருவர் சொல்லாமல் நின்றுபோனது. "அவர் வராததைப் பத்தி யாருமே பேசலையே?" என்று கேளுங்கள். பல சமயம் தூக்கம் அங்கேயே கலையும்.

இணை சிகிச்சையாளர் இருந்தால், குழு முடிந்ததும் 15 நிமிடம் ஒதுக்கி, அதே நேரத்தில் அவருக்கும் சொக்கியதா என்று கேளுங்கள். அவர் விழிப்பாக இருந்திருந்தால், முந்தைய இரவு நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள்.