சிலியில் உள்ள செவெல் ஊரை ஏன் கைவிட்டார்கள்? இப்போது அங்கே என்ன மிச்சம்?

வழக்கமாகத் தாது தீர்ந்தால்தான் சுரங்க ஊர் காலியாகும். செவெல் விஷயத்தில் அப்படி இல்லை. பக்கத்திலுள்ள எல் தெனியெந்தே தாமிரச் சுரங்கம் இன்றும் ஓடுகிறது. நிலத்தடித் தாமிரச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது அதுதான்.

தொழிலாளர்கள் தங்குவதற்காக பிரேடன் காப்பர் என்ற அமெரிக்க நிறுவனம் 1905இல் ஆண்டீஸ் மலையில், 2,000 மீட்டருக்கு மேலே கட்டிய ஊர் இது. சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் ஊருக்குள் வண்டி ஓடத் தெருவே கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து அகலமான ஒரு படிக்கட்டு மேலே ஏறும். அதிலிருந்து கிளைப் படிகள் பிரியும். அரிசி மூட்டையோ கட்டிலோ, எல்லாம் படி வழியாகத்தான் போக வேண்டும். உச்சத்தில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். மதுவுக்குத் தடை, அதனால் கள்ளக்கடத்தல் அமோகம்!



ஊரைக் கைவிட்டதற்குக் காரணம் செலவுதான். குடும்பங்களை மலைமேல் வைத்துப் பராமரிப்பதைவிட, கீழே ரான்காகுவா நகரில் குடியேற்றி, ஆட்களைத் தினமும் சாலை வழியே ஏற்றி இறக்குவது மலிவு. எழுபதுகளில் ஊர் பெரும்பாலும் காலியானது.

அப்புறம் நிறையக் கட்டடங்களை இடித்தும் விட்டார்கள், அநியாயம். தப்பியவை பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் பூசிய மரக் கட்டடங்கள். 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க விரும்பினால் ஏற்பாடு செய்யப்பட்ட சுற்றுலாவில் சேர்ந்துதான் போகலாம்.