கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு எந்தப் புத்தகங்களைப் பரிந்துரைப்பது? சிறிய புத்தகக் கடையில் நிகழ்ச்சி நடத்தினால் ஆட்கள் வருவார்களா?

புத்தகக் கடை திறந்து எட்டு மாதம் ஆகிறது, முதல் கோடை வருகிறது, வயது வாரியாக ஒரு பரிந்துரைப் பட்டியல் வேண்டும், எழுத்தாளர் ஒருவரை அழைத்து விழா நடத்தினால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நான் செய்திருக்கிறேன். செய்துவிட்டு இரண்டையும் கைவிட்டேன். பட்டியல் ஒட்டாதீர்கள், விழா எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடை பெரிய கடையாக இருக்காது என்று எண்ணிக்கொள்கிறேன். மாத வாடகை, மின்கட்டணம், உதவிக்கு ஒரு ஆள், பதிப்பகங்களுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, இவை போக மிஞ்சுவதில்தான் நிகழ்ச்சிக்குச் செலவு செய்ய வேண்டும். என் கடையும் அப்படித்தான். தஞ்சைப் பக்கம் ஒரு நகராட்சி ஊரில், அப்பா 1978 இல் தொடங்கிய கடை. பன்னிரண்டு அடி அகலம், பதினெட்டு அடி நீளம். வாசலில் ஒரு வேப்பமரம். ஜூன் மாதத்து நோட்டுப் புத்தக, உரைநூல் விற்பனைதான் ஆண்டு முழுவதும் கடையைத் தாங்குகிறது. கதைப் புத்தகங்களை நான் விடாமல் வைத்திருப்பது ஆசையால்.

2022 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோடை வாசிப்பு விழா வைத்தேன். வெளியூரிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்தார். பேனர், அறுபது நாற்காலி, ஒலிபெருக்கி, எல்லோருக்கும் சுண்டல். பத்து நாள் முன்பே பள்ளி வாசல்களில் துண்டறிக்கை கொடுத்தோம். வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஐந்து பேர் என் வீட்டார். நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர் அவற்றைத் திரும்ப அடுக்கும்போது, "இன்றைக்கு முகூர்த்த நாள் அம்மா, ஊரில் பாதிப் பேர் கல்யாணத்தில் இருக்கிறார்கள். நீங்கள் நாள் கேட்டபோதே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்று வருத்தப்பட்டார். தினசரி காலண்டரை ஒரு முறை புரட்டியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். சித்திரை, வைகாசியில் ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் அன்று எதையும் வைக்காதீர்கள். கோயில் திருவிழா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தாளர் முகம் கோணாமல் ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

விழா போனாலும் பட்டியல் இருந்தது. 5 முதல் 7 வயது, 8 முதல் 10 வயது, 11 முதல் 13 வயது என்று மூன்று நிறத்தில் அட்டையில் எழுதி, அலமாரிக்கு மேலே மாட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. பெற்றோர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். (அந்தப் படத்தை வைத்து இணையத்தில் வாங்கினார்கள் என்பதையும் அறிவேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அங்கே கொடுக்கும் தள்ளுபடியை என்னால் கொடுக்க முடியாது.)

அந்தக் கோடையில் ஒரு பையன் தினமும் நாலரை மணிக்கு வருவான். அவன் அம்மா கோயில் வாசலில் பூக் கட்டி விற்பவர். ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். நேராக 11 முதல் 13 அலமாரிக்குப் போய் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருவான். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. நான்காவது நாள்தான் கவனித்தேன், அரை மணி நேரமாக அவன் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கண் மட்டும் அவ்வப்போது 5 முதல் 7 அலமாரிப் பக்கம் போய் வந்தது. அங்கே வழவழப்பான தாளில், பக்கத்துக்கு மூன்று வரி அச்சான படப் புத்தகங்கள் இருந்தன. அவனுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வரவில்லை. கொரோனாவில் பள்ளி மூடியிருந்த மாதங்கள் அவனுடைய ஐந்தாம், ஆறாம் வகுப்பு. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அம்மாவுடையது.

வாசிக்கக்கூடிய புத்தகம் நாலடி தூரத்தில் இருந்தது. அதை எடுக்க விடாமல் அவனைத் தடுத்தது நான் மாட்டிய அட்டை. கூட வந்த பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பன்னிரண்டு வயதுப் பையன் எப்படி "5 முதல் 7" என்று எழுதியிருக்கும் இடத்தில் கை வைப்பான்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவனிடம், "சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்ட எனக்கு நேரம் இல்லை. நீ நாளைக்கு வாசிக்கிறாயா? இதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு தடவை பார்த்துக்கொள்" என்று ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தேன். யானைக்குச் சளி பிடிக்கும் கதை. பையன் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டேன். ஐந்து குழந்தைகள். அவன் நின்றுகொண்டு வாசித்தான். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. யானை தும்மும் பக்கம் வந்ததும் அவன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டெய்லர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு அவன் அம்மா சொன்னார்: "ராத்திரி பூரா எனக்கு வாசித்துக் காட்டினான் அக்கா. ஒவ்வொரு தடவையும் யானை தும்மும்போது என் கையில் நார் அறுந்துபோகிறது."

அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். இன்றுவரை என் கடையில் வயது எழுதிய அலமாரி கிடையாது. படப் புத்தகமும் நாவலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பட்டியலுக்குப் பதிலாகத் துண்டுச் சீட்டு வைத்தேன். புத்தகத்தைப் படித்த பிள்ளை அடுத்தவருக்கு ஒரு வரி எழுத வேண்டும், அதை ரப்பர் வளையம் போட்டு அட்டையோடு கட்டிவிடுவேன். அவன் எழுதிய சீட்டு: "தும்மும் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கவும். தம்பி தங்கை இருந்தால் நல்லது." ஓராண்டில் இரண்டு படி விற்ற அந்தப் புத்தகம் அந்த மே மாதம் மட்டும் முப்பதுக்கு மேல் போனது. நான் எழுதிய எந்தப் பரிந்துரைக்கும் இது நடக்கவில்லை.

வியாபாரத்துக்காகக் கதை சொல்கிறாள் என்று யாராவது கீழே எழுதக்கூடும். ஆம், கடைக்காரிதான், விற்றால்தான் எனக்குச் சோறு. ஆனால் அந்த யானைப் புத்தகத்தின் விலையில் எனக்குக் கிடைக்கும் கழிவை முப்பதால் பெருக்கிப் பார்த்தால் விழா பேனரின் செலவுக்கே போதாது. குழந்தை உளவியல் படித்தவளா என்றால் அதுவும் இல்லை. வயதுப் பிரிவு பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ தேவைப்படலாம். என் கடையில் அது ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு எனக்கு மனப்பாடம்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதே 1931 இல்தான் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்து மண்ணில் நடந்த காரியம் இது. கூட்டம் வரவில்லையே என்று சோர்ந்துபோகும் நாளில் அந்த வண்டியை நினைத்துக்கொள்வேன்.

நிகழ்ச்சி என்றால் இப்போது என் கடையில் இவ்வளவுதான்: ஏப்ரல் 23 தொடங்கி மே கடைசி வரை, வார நாட்களில் மாலை ஐந்து முதல் ஆறு வரை, மரத்தடிப் பெஞ்சு. ஏப்ரல் 23 ஐ உலகப் புத்தக நாளாக யுனெஸ்கோ அறிவித்தது 1995 இல். நமக்கு அது ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம் என்பது வசதி. கத்திரி வெயிலில் நாலரைக்கு முன் யாரையும் வரச் சொல்லாதீர்கள். ஒரு பானை நீர்மோர் வையுங்கள். பிள்ளைகள் பிள்ளைகளுக்கு வாசிக்கட்டும், பெரியவர்கள் பேசக் கூடாது. எழுத்தாளர் வந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கட்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படியில் "வாசிப்புப் படி" என்று முத்திரை குத்தி வைத்துவிடுங்கள். அது கிழியும், அழுக்காகும். அந்த ஒரு படியின் நட்டத்தைத் தாங்க முடியாவிட்டால் சிறுவர் புத்தகம் விற்பது கடினம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் கடை பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடை அங்கேயேதான் இருக்கிறது, நிலையம்தான் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்த அரை மணி நேரத்தில் புத்தகம் புரட்டியவர்களால் வளர்ந்த கடை இது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் இறங்கியதும் நேராக உள்ளே வருவார்கள். இப்போது அவர்கள் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நெரிசல் குறைய வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் போன்ற நாற்பது கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாலையில் ஒரு நகரப் பேருந்தாவது பழைய இடத்தில் நின்று போகும்படி செய்திருக்கலாம். மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்றுக்கும் ரசீது மட்டும் என்னிடம் இருக்கிறது.

சரி, புத்தகங்கள். உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன். பட்டியல் பிள்ளைகளின் கண்ணில் படக் கூடாது என்கிறேனே தவிர, கொள்முதலுக்கு உங்களுக்கு வழிகாட்டி வேண்டும். சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருதை வழங்குகிறது. இரா. நடராசன், யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி ஆகியோர் தமிழுக்காகப் பெற்றவர்கள். இவர்களின் சிறுவர் நூல்களில் இரண்டிரண்டு படி வாங்கிப் பாருங்கள். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் தவறான தொடுதலைப் பற்றியது. பெற்றோர் கையில் முதலில் கொடுத்து, படித்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்வேன். அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் வாய்விட்டு வாசிக்கும் பெஞ்சுக்கு இன்றும் ஈடு இல்லாதவை. சித்திரக்கதைகளைக் கீழ்த்தட்டில், கைக்கு எட்டும்படி வையுங்கள். அவை வாசிப்பைக் கெடுக்கும் என்று சொல்லும் பெரியவர்கள் உங்கள் கடைக்கும் வருவார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். வேகமாக வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் படம்தான் அடுத்த கட்டத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறது.

ஆங்கிலப் புத்தகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்பவர்களுக்கு வைத்திருக்கிறேன். பெஞ்சில் வாசிப்பது மட்டும் தமிழ்.

அந்தப் பையன் பிறகு பத்தாம் வகுப்பு வரை போய்விட்டான். தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று, இந்த ஆண்டு பெஞ்சை எப்போது வெளியே போடுவீர்கள் என்று கேட்டான். பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது, ஆசாரி வர வேண்டும் என்றேன். ஆணியும் சுத்தியலும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.