முன்வரிசைக்கு ஓசி, பின்வரிசைக்கு ரிக்கற்

கேள்வி: இந்தியாவிலிருந்து பாடகர் வந்தால் எங்கள் சனம் அலைமோதுகிறது. நாங்கள் 3 மாதம் பழகி மண்டபத்தில் மேடையேற்றிய காத்தவராயன் கூத்துக்கு 300 ரூபா ரிக்கற் வாங்க ஆளில்லை. செலவு 1 லட்சத்து 20 ஆயிரம், கையைக் கடித்துவிட்டது. வன்னிச் சனத்துக்கு ரசனை செத்துப்போய்விட்டதா?
— கூத்துக் குழுவினர், புதுக்குடியிருப்பு

பதில்: சனத்தின் ரசனையை விடுங்கள். உங்கள் கணக்குக் கொப்பியை எடுங்கள்.

அந்த இசை நிகழ்ச்சிகளோடு உங்களை ஒப்பிடவே கூடாது. அங்கே செலவில் பெரும் பங்கை மேடைக்குப் பின்னால் பதாகை கட்டுகிற கொம்பனிகள் பார்த்துக்கொள்ளும். 2024 பெப்ரவரியில் யாழ். முற்றவெளியில் நடந்த அப்படியொரு இசை நிகழ்ச்சியில் தடுப்பை உடைத்துக்கொண்டு போன கூட்டம், காசு கொடுத்துக் கதிரை பிடித்த கூட்டம் அல்ல. அலைமோதுவது வேறு, ரிக்கற் வாங்குவது வேறு.

கூத்து ரிக்கற்றால் வாழ்ந்த கலையும் அல்ல. அம்மன் கோயிலில் காத்தவராயன் ஆடினால் அது நேர்த்தி. நேர்த்தி வைத்தவர் செலவுக்கு முன்நிற்பார், ஊர் நெல்லாகவும் காசாகவும் கொடுக்கும், கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு வேட்டி சால்வையும் தட்சணையும் போகும். பாயோடு வந்து விடியவிடியப் பார்த்தவர் சும்மா பார்க்கவில்லை, அவர் பங்கு முன்னமே போய்விட்டது. அதே ஆள்தான் இப்போது வாசலில் 300 ரூபா கேட்டதும் முழிக்கிறார்.

சரி, மண்டபத்துக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் 1 லட்சத்து 20 ஆயிரத்தில் உடுப்பு, முடி, சீன், பழகிய நாட்களின் தேத்தண்ணி, பெற்றோல் என்று 80 ஆயிரம் போயிருக்கும் என்று வையுங்கள். அது ஒரு தடவைச் செலவு. மண்டபம், லைற், சவுண்ட், வான் 40 ஆயிரம், இது ஆடுகிற ஒவ்வொரு இரவும் வரும். ஒரே இரவோடு மூட்டை கட்டினால் கை கடிக்காமலிருக்க 400 பேர் வேண்டும். நாலு இரவு ஆடினால் மொத்தச் செலவு 2 லட்சத்து 40 ஆயிரம், இரவுக்கு 200 பேர் போதும். புதுக்குடியிருப்பில் ஆடியதை மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் கிளிநொச்சியிலும் ஆடினால் என்ன? மூன்று மாதம் பழகி ஒரு ராத்திரியோடு உடுப்பைப் பெட்டியில் வைக்கிற வியாபாரம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இதில் உங்கள் குற்றம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1966 இலேயே போமோல், போவன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் மேடைக் கலை ஏன் கையைக் கடிக்கிறது என்று எழுதிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்கிற வேலை இயந்திரத்தால் பெருகும், அவர் சம்பளமும் ஏறும். மேடையில் நாலு பேர் வாசிக்கிற இசைக்கு அன்றும் நாலு பேர், இன்றும் நாலு பேர். கழு ஏறுகிற காத்தவராயனை அரை ஆளை வைத்து ஆட முடியுமா? ஆனால் ஆர்மோனியக்காரருக்குக் கூலி இன்றைய விலைவாசிக்குத்தான் கொடுக்கவேண்டும். ரிக்கற்றை மட்டும் நம்பினால் பற்றாக்குறை வருவது இயல்பு. அதனால் நேர்த்திக்காரரைப் போல ஒரு பொறுப்பாளரை இன்றும் தேடத்தான் வேண்டும், அவர் ரொறன்ரோவில் இருந்தாலும் பரவாயில்லை.

காலமும் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்து நெல்லுக்காசு கையில் புழங்கும் பங்குனியில் கேட்கிற 300 ரூபாவும், விதைப்புக்கு உரம் வாங்கக் கடன்படுகிற ஐப்பசியில் கேட்கிற 300 ரூபாவும் ஒன்றல்ல. மழை வேறு. ரிக்கற் அடிக்கமுன் பிரதேச சபையில் களியாட்ட வரியையும் விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக அந்த முன்வரிசை சோபாக்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், அவர்கள் கூட்டிவந்த வீட்டார் எல்லோரும் ஓசி. ஆளுக்குப் பத்து நிமிடப் பேச்சு, பொன்னாடை. காசு கொடுத்தவர் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையில் கொட்டாவி விடுகிறார். அவர் அடுத்தமுறை எதற்கு வரவேண்டும்? வாங்கக்கூடியவருக்கு இலவச அழைப்பிதழ், இல்லாதவருக்கு ரிக்கற் என்ற இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் மண்டபத்தில் எத்தனை கதிரை, அதில் எத்தனை இலவசமாகப் போனது? கேள்வியில் அதை எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.