இணையத்தில் சில்லறை வேலைகள்: வாசகர் கேள்வி – பதில்

கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். கைக்குழந்தை இருப்பதால் வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. படத்தைப் பார்த்து விவரம் எழுதுவது, கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்வது போன்ற சிறு வேலைகளுக்கு வெளிநாட்டுத் தளங்கள் பணம் தருவதாகத் தோழி சொல்கிறாள். உண்மைதானா? எவ்வளவு கிடைக்கும்?
– வாசகி, நாமக்கல்

உண்மைதான். இவ்வகையில் பலரும் அறிந்த மெக்கானிக்கல் டர்க் என்னும் தளத்தை அமேசான் நிறுவனம் 2005 நவம்பரில் தொடங்கியது. கணினியால் சரியாகச் செய்ய முடியாத வேலையைத் துண்டு துண்டாக்கி, உலகெங்கும் இருப்பவர்களிடம் பிரித்துக் கொடுத்து, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி தருவதே இதன் ஏற்பாடு. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமிட்ட இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பில் எது பூனை, எது படகு என்று அடையாளமிட்டவர்கள் இத்தளத்தின் வழியே வேலை செய்த பல்லாயிரம் பேர்தாம்.

கூலியைப் பற்றி நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். கடை ரசீது ஒன்றின் புகைப்படம் திரையில் வருகிறது. கடையின் பெயர், தேதி, மொத்தத் தொகை மூன்றையும் தட்டச்சு செய்தால் 3 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ரசீதுக்கு ஒரு நிமிடம் வீதம் இடைவிடாமல் செய்தால் மணிக்கு 1.80 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 153 ரூபாய். ஆனால் இடைவிடாமல் செய்ய வேலை வருவதில்லை. நல்ல வேலை எங்கே இருக்கிறது என்று தேடும் நேரம், விதிமுறைகளைப் படிக்கும் நேரம், பாதி செய்தபின் படம் மங்கலாக இருப்பதால் கைவிடும் நேரம் ஆகியவற்றுக்கெல்லாம் யாரும் கூலி தருவதில்லை. 2,676 பேர் செய்த 38 லட்சம் வேலைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, இந்த வீண்நேரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, அவர்களின் இடைநிலை வருமானம் (பாதிப் பேர் இதற்குக் கீழும் பாதிப் பேர் மேலும் பெறும் அளவு) மணிக்கு ஏறத்தாழ 2 டாலர்தான் என்றும், அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் 4 விழுக்காட்டினரே என்றும் கண்டது. எனவே உங்கள் தோழி எவ்வளவு ஈட்டினார் என்பதோடு, அதற்கு எத்தனை மணி நேரம் திரைமுன் இருந்தார் என்பதையும் கேளுங்கள்.

தாய்மொழி தெரிந்தவர்கள் தேவைப்படும் வேலைகளில் நிலைமை சற்று மேல். பெங்களூரில் இயங்கும் கார்யா என்ற அமைப்பு, இந்திய மொழிகளில் வாக்கியங்களைப் படித்துக் குரல்பதிவு செய்து தருவோருக்கு மணிக்கு 5 டாலர் அளவில் கொடுப்பதாக அறிவித்திருக்கிறது. இத்தகைய வேலை ஆண்டு முழுவதும் இருக்காது, வரும்போது விடாதீர்கள். கணிதம் படித்தவர் என்பதால் சொல்கிறேன்: இணையவழித் தனிப்பயிற்சியில் ஒரு மணிக்குக் கிடைப்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தபிறகு முடிவெடுங்கள்.

மூன்று மாதமாக இத்தகைய தளத்தில் வேலை செய்கிறேன். ஒருவர் நான் செய்த நாற்பது வேலைகளையும் காரணம் சொல்லாமல் நிராகரித்துவிட்டார். பணமும் இல்லை, மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. புகார் செய்ய முடியாதா?
– வாசகர், விருதுநகர்

உங்கள் கோபம் நியாயமானது. மெக்கானிக்கல் டர்க்கின் விதிப்படி, வேலை கொடுப்பவர் நிராகரித்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. செய்து கொடுத்ததோ அவர் கையிலேயே இருக்கும். அமேசான் நடுவில் வந்து பஞ்சாயத்து செய்வதுமில்லை. பணத்தைவிட மதிப்பெண் இழப்பே பெரிய அடி. ஏனெனில், நல்ல கூலியுள்ள வேலைகள் பலவும், ஏற்கப்பட்ட வேலைகளின் விழுக்காடு 95-க்குக் குறையாதவர்களுக்கே திறக்கும்.

முதலில் வேலை கொடுத்தவருக்குத் தளத்தின் வழியாகவே, எந்த வேலை, எப்போது செய்தது என்ற விவரத்துடன் மரியாதையாக எழுதுங்கள். நிராகரிப்பை 30 நாள்களுக்குள் அவர் திரும்பப் பெற முடியும். கேட்டால் மாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இனிமேல், அறிமுகமில்லாத ஒருவருடைய வேலையில் நான்கைந்தை மட்டும் முடித்துவிட்டு, அவை ஏற்கப்படும்வரை பொறுங்கள். வேலை கொடுப்பவர்களுக்கு வேலை செய்பவர்களே மதிப்பெண் போடும் டர்க்காப்டிகான் என்ற ஏற்பாட்டை, இதே அநீதியைக் கண்டு ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் உருவாக்கினார்கள். இப்படிப்பட்ட மதிப்புரைகளைப் பார்க்காமல் நாற்பதைச் செய்வது கடன் கொடுப்பதற்குச் சமம்.

மதிப்பெண் இறங்கிய கணக்கை விட்டுவிட்டு வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அது விதிமீறல்; பணம் போய்ச் சேருவதும் கணக்கின் சொந்தக்காரருக்குத்தான்.

டெலிகிராமில் வந்த அழைப்பை நம்பி, உணவகங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போடும் வேலை செய்தேன். முதல் நாளே 150 ரூபாய் வந்தது. இப்போது 5,000 ரூபாய் கட்டினால் 6,500 ஆகத் திரும்பும் என்கிறார்கள். கட்டலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கட்டாதீர்கள். அந்த 150 ரூபாய் தூண்டில். 5,000 கட்டினால் திரையில் 6,500 தெரியும். எடுக்கப் போனால் வரி, அபராதம், கணக்கு முடக்கம் என்று மேலும் கேட்பார்கள். வேலை செய்பவரிடம் முன்பணமோ பதிவுக் கட்டணமோ கேட்கும் இடம் வேலை கொடுக்கும் இடமே அல்ல. இதுபோன்ற பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. ஆள்கள் வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள்; பணம் கைமாறிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வங்கிக் கணக்கைப் பிறர் பணம் வந்துபோக விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு சாப்பிடாத கடைக்கு நட்சத்திரம் போடுவது யோக்கியமான வேலையா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சிறு பதிப்பகம் நடத்துகிறேன். பழைய நூல்களை ஸ்கேன் செய்து கணினியால் எழுத்தாக்கியதில் பிழைகள் மலிந்திருக்கின்றன. திருத்தும் வேலையை இத்தகைய தளங்களில் கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

கொடுக்கலாம், ஆனால் பொதுத்தளங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களைச் சலித்தெடுக்க ஒரு தகுதித் தேர்வு வைக்க வேண்டும். ரகர றகரமும் ணகர னகரமும் குழம்பிய பத்து வரியைக் கொடுத்துத் திருத்தச் சொன்னாலே போதும். பிறகு ஒரே பக்கத்தை ஒருவரையொருவர் அறியாத இருவரிடம் கொடுத்து, இருவரும் வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவரிடம் காட்டுங்கள். விடை தெரிந்த சில பக்கங்களை இடையிடையே கலந்து வைத்தால், படிக்காமலே அனுப்புபவர் உடனே தெரிந்துவிடுவார்.

கூலியை மதிப்பிட, நீங்களே கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் திருத்திப் பாருங்கள். வெண்பாப் பக்கமும் உரைநடைப் பக்கமும் ஒரே அளவல்ல என்பதால், பக்கத்துக்கு இவ்வளவு என்பதைவிட எழுத்து எண்ணிக்கைக்கு இவ்வளவு என்பதே இருவருக்கும் நல்லது. தளத்தின் தரகையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மெக்கானிக்கல் டர்க்கில் அது கூலியில் 20 விழுக்காடு, ஒரே வேலையைப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்குக் கொடுத்தால் 40.

பதிப்புரிமை முடிந்த நூல்கள் என்றால், தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்தாக்கி ஏற்றும் இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கின்றனவா என்று முதலில் தேடிவிடுங்கள். அங்கே ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறத்திலும், இரண்டாமவரும் சரிபார்த்த பக்கம் பச்சை நிறத்திலும் காட்டப்படும். பச்சையாகிவிட்ட நூலுக்கு நீங்கள் மறுபடியும் காசு செலவழிக்க வேண்டியதில்லை.