எம்டனுக்கு எவ்வளவு கடல் வேண்டும்?

வாசகர் கேள்வி பதில்: மாடல் கிட், அதற்கான தளம்

கேள்வி (காசிமேட்டிலிருந்து): சார், 1/350 அளவில், முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் ஆயா யாராவது கில்லாடித்தனம் செய்தால் 'அவன் எம்டன்டா' என்பார்கள், அந்த நாளிலிருந்தே இந்தக் கப்பல் மேல் ஒரு கண். 1914-ல் அது நம் சென்னை மேல் குண்டு போட்ட காட்சியை இரண்டடிப் பலகையில் செய்ய ஆசை. கப்பல், எரிகிற எண்ணெய்த் தொட்டி, கரை, கட்டுமரம் எல்லாம் வர வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பலகையிலிருந்து ஆரம்பியுங்கள். கிட்டை இப்போதைக்குப் பிரிக்கவே வேண்டாம். நம்மில் முக்கால்வாசிப் பேர் மாடலை முடித்துவிட்டு, அப்புறம் அதை எதன் மேல் வைப்பது என்று தேடுகிறோம், அதனால்தான் எத்தனையோ நல்ல கப்பல்கள் இரண்டு பித்தளைக் கம்பி மேல் அந்தரத்தில் நிற்கின்றன. கப்பல் தண்ணீரில் நிற்கப் போகிறதா, முழு அடிப்பாகமும் தெரிய நிற்கப் போகிறதா என்பதை முதல் சொட்டு பசை விழும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சரி, கணக்குப் போடுவோம். எம்டன் 118 மீட்டர் நீளம், 350-ல் வகுத்தால் சுமார் 34 சென்டிமீட்டர். உங்கள் இரண்டடிப் பலகை 61 சென்டிமீட்டர், அதாவது நிஜத்தில் 213 மீட்டர் கடல், அவ்வளவுதான். 1914 செப்டம்பர் 22 இரவு கப்பல் நின்றது கரைக்கு மிக அருகில் இல்லை, இரண்டரை மூன்று கிலோமீட்டர் தள்ளி. அதை 350-ல் வகுத்தால் 7 மீட்டருக்கு மேல் வருகிறது. கப்பலை உங்கள் வீட்டு வாசலில் வைத்தால் எண்ணெய்த் தொட்டிகள் பக்கத்து வீட்டு வாசலையும் தாண்டிப் போய்விடும்! இரண்டையும் ஒரே பலகையில் திணித்தால் கப்பல் தொட்டியை முட்டுகிற மாதிரி இருக்கும், பார்ப்பவர் மனதில் அந்த இருட்டும் தூரமும் வரவே வராது.

அதனால் கரையை விட்டுவிடுங்கள். கப்பலும் கொஞ்சம் கடலும் மட்டும் போதும். பலகை 45க்கு 18 சென்டிமீட்டர் இருந்தால் தாராளம். கப்பலை விளிம்புக்கு இணையாக வைக்காமல் லேசாகக் கோணலாக வையுங்கள், அப்போதுதான் அது எங்கோ போகிற கப்பல், இல்லாவிட்டால் அலமாரிச் சாமான். தீயைக் காட்ட ஒரு வழி உண்டு. கரையைப் பார்த்த பக்கம் மட்டும், புகைபோக்கிகளின் ஓரத்திலும் பீரங்கிகளின் மேலும், கிட்டத்தட்டக் காய்ந்துவிட்ட தூரிகையில் ஆரஞ்சு நிறத்தை மிக மிக லேசாகத் தடவுங்கள். அந்தப் பக்கத்து அலை முகட்டிலும் அதே நிறம் ஒரு கீற்று. தொட்டி எரிவது பலகைக்கு வெளியே நடக்கட்டும்.

நிறம் எது என்று கேட்பீர்கள். சமாதான காலத்தில் எம்டன் வெள்ளைக் கப்பல், 'கிழக்கின் அன்னம்' என்றே பெயர். போர் வந்ததும் சாம்பல் நிறம் அடித்தார்கள். சென்னைக்கு வந்தது சாம்பல் எம்டன்தான்.

இப்போது கடல். கப்பலின் நீர்மூழ்கு ஆழம் ஐந்தரை மீட்டர், நம் அளவில் 16 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் தெர்மாகோல் அட்டையைப் பிளைவுட் மேல் ஒட்டி, கப்பலின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே வெட்டி, பிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கப்பல் இறுக்கமாக உட்காரும்வரை சரிசெய்யுங்கள். இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனாலும் பரவாயில்லை, கப்பலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, டிஷ்யூ பேப்பரை அதன் மேல் விரித்து, ஈரத் தூரிகையால் தட்டித் தட்டிச் சின்னச் சின்னச் சுருக்கமாக விடுங்கள். ஒரே திசையில் ஓடட்டும், காற்று ஒரு பக்கமிருந்துதானே அடிக்கும். அலையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், 6 மில்லிமீட்டர் உயரம் என்றால் நிஜத்தில் இரண்டு மீட்டருக்கு மேல். காய்ந்ததும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் மட்டும். ஸ்ப்ரே டப்பா பெயின்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

கடலுக்கு டப்பாவில் இருக்கிற நீலத்தை அப்படியே அடிக்காதீர்கள். நீங்கள் காசிமேட்டுக்காரர், மீன்பிடித் துறைமுகத்துக்கு இருட்டுகிற நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். படகுகளின் நிழல் விழுகிற இடத்தில் தண்ணீர் கருப்பாக இருக்காது, அடர்ந்த பச்சையும் கொஞ்சம் பழுப்பும் கலந்திருக்கும், விளக்கு விழும் இடத்தில் மட்டும் பளபளப்பு. அந்தப் பச்சையைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு வந்து, கொஞ்சம் நீலம் கூட்டினால் ஆழ்கடல் வந்துவிடும். மேலே பளபள வார்னிஷ் மூன்று நான்கு தடவை.

கட்டுமரத்தை நான் மறக்கவில்லை. 7 மீட்டர்க் கட்டுமரம் இந்த அளவில் 2 சென்டிமீட்டர்தான். விளக்குமாற்று ஈர்க்குச்சியை நான்கு துண்டாக நறுக்கி, முனையைச் சீவி, நூல் பிரியால் கட்டினால் ஆயிற்று. அதைத் தனியாக ஒரு கைப்பிடி அளவுப் பலகையில், அதே நிறக் கடலில் வைத்து எம்டன் பக்கத்தில் நிறுத்துங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பார்கள், அப்புறம் நிமிர்ந்து கப்பலைப் பார்க்கும்போது அதன் அளவு உறைக்கும்.

கேள்வி (திருவொற்றியூரிலிருந்து): அண்ணா, ஃபைபர் படகு வேலை செய்கிற இடத்தில் ரெசின் கிடைக்கிறது. அதையே மாடலுக்குத் தண்ணீராக ஊற்றலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இதை நான் கை சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டேன். மூன்று மாதம் உட்கார்ந்து முடித்த ஒரு இழுவைப் படகை அப்படி ஊற்றிய ரெசினில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் நீர்மட்டத்தை ஒட்டிய பிளாஸ்டிக் முழுக்கக் குழைந்து, ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடந்தது. படகுக்காரர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. நம் கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அது இதைக் கரைக்கும், போதாததற்கு இறுகும்போது சூடும் கக்கும். எபாக்ஸி ரெசின் என்றால் ஊற்றலாம், ஆனால் ஒரே மூச்சில் இல்லை, சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, இறுகவிட்டு, அடுத்தது. கையுறை கட்டாயம், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி (ராயபுரத்திலிருந்து ஓர் அம்மா): எட்டாவது படிக்கும் என் மகள் ராயபுரம் ரயில் நிலையத்தை அட்டையில் செய்கிறாள். என்ன அளவில் செய்யச் சொல்லலாம்? தண்டவாளத்துக்குக் கடற்கரை மணல் போடலாமா?

பதில்: பாப்பாவுக்கு என் வாழ்த்துகள். 1856-ல் திறந்து, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம், இன்றும் வண்டி நிற்கிற நிலையம், அது வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும்போது செய்து பார்க்க வேறு என்ன வேண்டும்!

1/100 அளவு வையுங்கள், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், கணக்கு வாயிலேயே வரும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர், நூறில் ஒரு பங்கு 16.8. பொம்மை ரயில்களில் பரவலாக விற்கிற எச்.ஓ. தண்டவாளம் 16.5. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கிடைத்தால் அப்படியே வாங்கிப் போடலாம்.

உயரம் அளக்க ஏணி வேண்டாம். நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவளையே ஒரு தூணோடு முதுகு ஒட்டி நிற்கவைத்துக் கொஞ்சம் தூரத்திலிருந்து நேராகப் படம் எடுங்கள். அவள் உயரம் தெரியும், படத்தில் தூண் அவளைப் போல எத்தனை மடங்கு என்று ஸ்கேலால் பார்த்தால் தூணின் உயரம் வந்துவிடும். தூண்கள் எத்தனை என்று அவளே எண்ணட்டும். காகித ஸ்ட்ரா நல்ல தூண்.

மணலைப் பொறுத்தவரை, கடற்கரை மணலில் உப்பு இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நம் ஊர்க் காற்றில் பசை காய்வதே பெரும்பாடு. போட்டே ஆக வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசி வெயிலில் காயவையுங்கள். அதைவிட, எங்காவது வீடு கட்டுகிற இடத்தில் ஒரு பிடி எம்-சாண்ட் வாங்கி டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள், நிறமே கருங்கல் ஜல்லி நிறம். அரை மில்லிமீட்டர்ப் பருக்கை 1/100-ல் 5 சென்டிமீட்டர் ஜல்லி, கச்சிதம். (காசிமேட்டு நண்பரும் கவனிக்க: அதே பருக்கை 1/350-ல் 17.5 சென்டிமீட்டர் பாறாங்கல்.) காய்ந்த மணலைத் தூவி, தூரிகையால் ஒழுங்காக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, அப்புறம் நீர்த்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் ஈரம், பிறகு பசை. மாற்றிச் செய்தால் மணல் உருண்டு திரண்டுவிடும்.

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து): நவம்பரில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன், விமானம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துவிட்டது. போச்சா?

பதில்: போகவில்லை. காற்றில் இருந்த ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டது. மழை விட்டு நல்ல வெயில் வரும் நாளில், காலை பத்து மணிக்கு மேல், அதே வார்னிஷை இன்னொரு தடவை மெல்லிசாக அடியுங்கள், பெரும்பாலும் வெண்மை கரைந்துவிடும். இனி ஐப்பசி, கார்த்திகையில் தூரிகை வேலை, வெட்டுகிற வேலை, தளம் செய்கிற வேலை எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே தை பிறந்த பிறகு.

கேள்வி (வியாசர்பாடியிலிருந்து): விமானி அறைக் கண்ணாடி ஒட்டிய இடத்தில் பனி பிடித்தது போல ஆகிவிட்டது.

பதில்: சூப்பர் குளூவின் ஆவி செய்த வேலை. கண்ணாடிப் பாகத்துக்கு ஃபெவிகால்தான், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

கேள்வி (பெரம்பூரிலிருந்து): தூசிக்கு என்ன செய்வது? அக்ரிலிக் பெட்டி விலை கட்டுப்படியாகவில்லை. பிளைவுட் பலகையும் வளைந்துவிட்டது.

பதில்: கொளத்தூருக்குப் போங்கள். அங்கே வண்ணமீன் கடைக்காரர்கள் நாம் சொல்கிற அளவுக்குத் தொட்டி செய்து தருவார்கள், கவிழ்த்து வைத்தால் கண்ணாடிப் பெட்டி. கப்பலை வைத்து அளந்து, நாலு பக்கமும் இரண்டு விரல் கூடுதலாகச் சொல்லுங்கள், தண்ணீர் நிற்கப் போவதில்லை, மெல்லிய கண்ணாடியே போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வாங்கி வந்ததும் மூடிவிட வேண்டாம். சிலிக்கான் பசையில் காடி (வினிகர்) வாடை அடிக்கும், அந்த வாடை முழுக்கப் போகும்வரை ஒரு வாரமாவது திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஈயம், பித்தளை பாகங்களை அது அரிக்கும்.

பலகை வளைந்தது மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்ததால். அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் அதே அளவு பூச்சு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து உப்பும். வளைந்ததை நிமிர்த்தப் போராட வேண்டாம். புதுத் துண்டு வெட்டி, ஆறு பக்கமும் வார்னிஷ் அடித்து, நாலு மூலையிலும் ரப்பர் வாஷர் ஒட்டி அலமாரியில் வையுங்கள், அடியில் காற்றோட்டம் இருக்கட்டும்.